ஹெட்லி மாமா வாங்காத வீடு

எண்பத்துமூன்று வயதுவரை ஹெட்லி ஸ்டானிஃபோர்த் தனக்கே தனக்கென்று வாங்கியது இரண்டே பொருள். ஒன்று சைக்கிள், மற்றது பல்செட்டு. சைக்கிள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் களவு போயிற்று. மீதி எல்லாமே வாடகை. டெலிவிஷன் வாடகைக் கடையுடையது. வேலை பார்த்த காலத்தில் காலில் போட்ட பூட்ஸ் இரும்பாலையுடையது. குடியிருந்த வீடு கவுன்சில் என்கிற ஊர் நகராட்சியுடையது. இதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை, பெருமையும் பேசுவார். கேட்கிறவர்களுக்குத்தான் காது வலிக்கும்.

அதில் நியாயமும் இருந்தது. யார்க்‌ஷயரில் ஹார்ஸ்லி என்ற அந்த ஊரில், எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை இருந்த சந்தில் பிறந்தவர் அவர். ஆலையில் கிரேன் ஓட்டினார். ஓய்ந்த நேரத்தில் தொழிற்சங்கத்துக்குச் செயலாளராக இருந்து முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தார். ஐம்பத்தொன்றில் கவுன்சில் புதிதாகக் கட்டிய ஆல்டர் தெருப் பதினான்காம் நம்பர் வீடு அவருக்கும் மனைவி ஐடாவுக்கும் கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே குளியலறை. குடிபோன அன்று ஐடா தண்ணீர் நிரப்பாத தொட்டிக்குள் உடுத்திய உடையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். ஊர்க்காசில் கட்டிய வீடு, நமக்குப் பிறகு அடுத்த ஏழைக்குப் போகவேண்டிய வீடு என்பது அன்றிலிருந்து ஹெட்லிக்கு மதம் மாதிரி. சர்ச்சுக்கு அவர் அதிகம் போனதில்லை.

ஆகவே, குடியிருப்பவர்களே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்பதில் சட்டம் வந்தபோது, அவர் தொழிலாளர் கிளப்பில் நாற்காலிமேல் ஏறி நின்று சத்தியம் செய்தார்.

“என் பொணத்து மேல ஆணை! ஹெட்லி ஸ்டானிஃபோர்த் கவுன்சில் வீட்டை வாங்கமாட்டான்!”

“பொணத்துக்குத் தள்ளுபடி கெடையாது ஹெட்லி!” என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். கிளப் சிரித்தது. ஹெட்லி சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு க்ளிஃப் அடுத்த வருடமே தன் வீட்டை வாங்கினார். வாங்கிய கையோடு கவுன்சில் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடி பதித்த புதுக் கதவும் பித்தளை விளக்கும் மாட்டினார். ஹெட்லி அவரோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவு நாள்தான் பேசாமல் இருப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருந்த செடிவேலியிடம் பேசினார். “ஏ வேலி, இன்னைக்கு மழை வரும், துணியை எடுக்கச் சொல்லு” என்பார். மறுபக்கம் க்ளிஃப் துணியை எடுப்பார். பதின்மூன்று வருடம் அந்த வேலி இருவருக்கும் நடுவே நாயாய் உழைத்தது.

பெரில் இந்த வீட்டுக்கு வந்தது எண்பத்துநாலில். ஹெட்லியின் அக்காள் மகள். புருஷன் கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் ஒருத்தியோடு போய்விட்டான். அதே மாதம் ஐடா செத்துப்போனாள். மாமாவுக்கு இரண்டு வாரம் சமைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று இரண்டு பெட்டியோடு வந்தவள், பின்பக்க அறையில் பதினோரு வருடமாக இருந்தாள். காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிப்பாள். மாலையில் ஒரு கிழவருக்கு மசிப்பாள். முந்நூறு பிள்ளைகளை மேய்ப்பது லேசு என்பது அவள் கட்சி.

தொண்ணூற்றைந்து மார்ச்சில் ஹெட்லி நெஞ்சில் சளி கட்டி பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பத்து நாளில் வெந்நீர்க் குழாய் மக்கர் செய்தது. யாருக்குப் போன் செய்வது என்று பெரில் கவுன்சில் கொடுத்திருந்த வாடகைதாரர் கையேட்டைப் புரட்டினாள். போன் நம்பர் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. ஒரு வீட்டின் வாடகை உரிமை ஒரே ஒருமுறைதான் குடும்பத்துக்குள் கைமாறும் என்று அதில் போட்டிருந்தது. ஐடாவும் ஹெட்லியும் கூட்டாக வாடகைக்கு எடுத்த வீடு இது. ஐடா போனதும் ஹெட்லி ஒருவர் பேருக்கு வந்தபோதே அந்த ஒருமுறை தீர்ந்துபோயிற்று. நாளைக்கு ஹெட்லி போனால் பெரில் வெளியே போகவேண்டியதுதான். ஐம்பத்தேழு வயதில் அவளுக்கு எங்கேயும் வேறொரு கூரை இல்லை. பெரில் குளிர்ந்த சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நாலுதரம் படித்தாள்.

அவள் முன்பு வேலை பார்த்த பிஸ்கட் ஆலை மூடியபோது கிடைத்த பணமும் சேமிப்பும் சேர்த்து அவளிடம் பத்தாயிரம் பவுண்டு இருந்தது. நாற்பத்துநாலு வருடம் குடியிருந்தவருக்கு விலையில் நூற்றுக்கு அறுபது தள்ளுபடி. கூடவே குடியிருக்கும் உறவுக்காரர் சேர்ந்து வாங்கலாம். ஆனால் விண்ணப்பம் ஹெட்லியின் கையெழுத்தில்தான் போகவேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“கவுன்சில் உன்னை வெளிய போடுமா? போடி பைத்தியக்காரி. கவுன்சில்னா யாரு? நாமதான் கவுன்சில்” என்றார் ஹெட்லி.

“அதுல எழுதியிருக்கு மாமா.”

“எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். நான் போய்க் கேட்டுட்டு வரேன் பாரு.”

சூட் போட்டு, சங்கத்து வில்லையைக் குத்திக்கொண்டு, கவுன்சிலின் வீட்டுவசதி ஆபீசுக்குக் கிளம்பினார். பெரில் சொன்னது பொய் என்று எழுதி வாங்கி வருவதாக ஏற்பாடு. மூன்று மணி நேரம் கழித்து வந்தார். சூட்டைக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கறியும் கிரேவியும் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். ஹெட்லி சத்தமில்லாமல் சாப்பிட்டதை பெரில் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அந்த ஆபீஸ் பொண்ணு சின்னப் பொண்ணு,” என்றார் கடைசியில். “நல்லாத்தான் பேசுச்சு. நாலு வாரம் டைம் குடுப்பாங்களாம் உனக்கு. நான் செத்த அன்னைலேர்ந்து நாலு வாரம்.” தட்டை நகர்த்தினார். “அந்த எழவு ஃபாரத்தை எடு. ஆனா ஒண்ணு, கிளப்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு உசுரே போனாலும் தெரியக் கூடாது.”

கையெழுத்துப் போட்டார். பேனா கிழிக்காத இடம் அந்தத் தாளில் கொஞ்சம்தான்.

அடுத்து மதிப்பீட்டாளர் வரவேண்டும். அவர் எவ்வளவு விலை போடுகிறாரோ அதில்தான் தள்ளுபடி. அவர் இருபத்தையாயிரத்தைத் தாண்டினால் பெரிலின் பணம் எட்டாது. பள்ளிக்கூடச் சமையலறையில் இதற்கு எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். வீட்டை எவ்வளவுக்கெவ்வளவு அலங்கோலமாக வைக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு விலை இறங்கும். பெரில் ஒரு வாரம் தூசி தட்டவில்லை. பித்தளை பாலிஷ் டப்பாவை ஒளித்துவைத்தாள். முன்னறையில் ஈரத்துணியைத் தொங்கவிட்டாள். ஒழுகாத கூரைக்கு அடியில் மாடிப்படி பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்தாள். இதற்குமேல் ஒரு பெண்பிள்ளை என்ன செய்யமுடியும்?

“இதென்ன வாளி?” என்றார் ஹெட்லி.

“இருக்கட்டும் மாமா. வியாழக்கிழமை மூணு மணி வரைக்கும் எதையும் தொடாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.”

“கவுன்சில் ஆள் வரப்போ வீடு இப்பிடி இருந்தா உங்க அத்தை எழுந்து வந்து அடிப்பா.”

“அடிக்கட்டும். நான் வாங்கிக்கறேன்.”

வியாழன் அன்று பெரில் இரண்டரைக்கே வேலையிலிருந்து ஓடிவந்தாள். பதினான்காம் நம்பர் வாசற்படி வெள்ளைக்கல் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வினிகர் வாசனை. கதவுக் கைப்பிடியில் அவள் முகம் தெரிந்தது, முகத்தில் பீதி தெரிந்தது. உள்ளே மேஜைமேல் ஐடாவின் கல்யாணப் பீங்கான், இஞ்சி கேக், பாதி தின்ற பன்றிக்கறி பை. மதிப்பீட்டாளர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். மாடியிலிருந்து ஹெட்லியின் குரல் கேட்டது.

“படுங்க தம்பி. படுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

பெரில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். ஆட்சன் என்ற அந்த இளம் மதிப்பீட்டாளர் படுக்கையறைத் தரையில் குப்புறப் படுத்து அலமாரிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு முழுக்கப் புகைக்கரி. ஹெட்லி அவர் தலைமாட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு நின்றிருந்தார். டப்பா நிறையக் கடித நகல்கள்.

“கையை வைங்க அந்தச் சொவத்துல. நல்லா வைங்க. ஈரமா, இல்லையா?”

“ஈரம்தான் சார்.”

“எழுதுங்க. மொதல் கடுதாசி ஐம்பத்தாறு மார்ச் பதினொண்ணு. ரெண்டாவது அறுபத்திரண்டு. அப்ப ஒருத்தன் வந்து பாத்துட்டு, அலமாரியை முன்னால நகத்தி வைங்கன்னு சொல்லிட்டுப் போனான். அலமாரி இன்னும் அங்கயேதான் நிக்குது. எந்திரிங்க, சிம்னி பாக்கலாம்.”

“சிம்னிதான் பாத்தோமே சார்.”

“உள்ளேர்ந்து பாத்தீங்க. வெளிலேர்ந்து?”

பெரிலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெட்லியின் வாழ்நாளில் இந்த வீட்டு வாசலைத் தாண்டிய கவுன்சில் ஆள் ஒவ்வொருவரும் எதையாவது ரிப்பேர் பார்க்க வந்தவர்கள், அல்லது பார்க்காமல் போக வந்தவர்கள். விலை போட வந்தவனாக இருந்தால் என்ன? அவனும் கவுன்சில் ஆள்தானே. நாற்பத்துநாலு வருடக் குறையைக் கொட்ட ஹெட்லிக்குக் கிடைத்த கடைசி ஆள் இந்தப் பையன்தான். விடுவாரா? வீட்டை மினுக்கியது கண்ணியத்துக்கு. குறை சொல்வது உரிமைக்கு. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை.

“அந்த வாளி, கூரை ஒழுகுதுங்களா?” என்று கேட்டார் ஆட்சன், நம்பிக்கையோடு பென்சிலைத் தீட்டிக்கொண்டு.

“அது இவ வெச்ச நாடகம்,” என்றார் ஹெட்லி. “கூரை கெட்டிக் கூரை. பொய் சொல்லக் கூடாது.”

பெரிலுக்கு அந்த வாளிக்குள்ளேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

“ஆனா வாளிக்கு மேல விட்டத்துல பாருங்க ஒரு விரிசல். அதுக்கு ஏழு கடுதாசி.”

மூன்று வாரம் கழித்து விலை வந்தது. இருபத்துமூவாயிரம். தள்ளுபடி போக ஒன்பதாயிரத்து இருநூறு. பெரில் கடிதத்தை முத்தமிட்டாள். ஈரச்சுவரையும் முத்தமிட்டிருப்பாள், அலமாரி மறைத்தது.

குட்டு வெளிப்பட்டதும் அந்த வியாழக்கிழமையால்தான். மாடி ஜன்னல் திறந்திருந்தது. ஹெட்லியின் குரல் கிரேன்மேலிருந்து கீழே பேசிப் பழகிய குரல். வேலிக்கு அப்பால் க்ளிஃப் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டார்; விலை வந்த பிறகு அது கிளப்புக்கும் எட்டிற்று. அடுத்த ஞாயிறு மதியம் ஹெட்லி கிளப்புக்குள் நுழைந்தபோது யாரும் வணக்கம் சொல்லவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்த இருபது கிழவர்களும் எழுந்தார்கள். முட்டிவலிக்காரர்கள், இடுப்பு மாற்றிவைத்தவர் உட்பட ஒருவரையொருவர் தாங்கிப்பிடித்து ஆளுக்கொரு நாற்காலிமேல் ஏறினார்கள். ஏறி வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை.

ஹெட்லி பீரைத் தொடாமல் வீட்டுக்கு வந்தார்.

“நான் வக்கீல் ஆபீஸ்ல கையெழுத்துப் போட மாட்டேன். எல்லாத்தையும் நிறுத்து” என்றார். தொப்பியை எடுக்கக்கூட இல்லை.

பெரில் பதினோரு வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினாள். “அப்ப நான் எங்க மாமா போவேன்? சொல்லுங்க. எங்க போவேன்?”

“நான் சத்தியம் பண்ணிருக்கேன் புள்ள.”

“நாக்காலி மேல நின்னுதான பண்ணீங்க? எனக்காகக் கீழ எறங்கக் கூடாதா?”

ஹெட்லி தோட்டத்துக்குப் போனார். வேலியிடம்கூட ஒன்றும் பேசவில்லை என்று க்ளிஃப் பிற்பாடு சொன்னார். கிளப்பில் சொன்னது தான்தான் என்று அவருக்கும் அன்று தூக்கம் வரவில்லையாம்.

வக்கீல் ஆபீசில் கையெழுத்துப் போடவேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் பெரில் கீழே இறங்கி வந்தபோது ஹெட்லி சூட்டும் வில்லையுமாக உட்கார்ந்திருந்தார்.

“வக்கீலம்மாகிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லணும். நான் எதையும் தபால்ல வாபஸ் வாங்கினவன் இல்ல” என்றார்.

வக்கீல் மிஸ் ராத்போனுக்கு முப்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம். அவள் பெரிலிடம், “நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. வயசானவங்க சொந்தக்காரங்களோட சேந்து வீடு வாங்கறப்ப, யாராவது வற்புறுத்துறாங்களான்னு நான் தனியாக் கேட்டாகணும். அது எங்க முறை” என்றாள்.

பெரில் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்கு மாதமாக அந்த மனுஷனை அவள் வற்புறுத்தியதற்குக் கணக்கே இல்லை. கெஞ்சினாள், கத்தினாள், வாளி வைத்தாள். வற்புறுத்தல் என்றால் இதுதான் என்று படம் போட்டுக் காட்டலாம். கதவு மெல்லிசு. ஹெட்லியின் குரல் அந்தக் கதவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

“ஆமா! கட்டாயம்தான்! எழுதிக்குங்க! முழுக்க முழுக்கக் கட்டாயம்!”

அவ்வளவுதான். பெரிலுக்கு அழுகை வரவில்லை, வெறும் களைப்பாக இருந்தது. அந்தப் பழைய இரண்டு பெட்டிகளில் ஒன்றின் கைப்பிடி போய்விட்டது, வேறு வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே குரல் தணிந்தது. பிறகு நாற்பது நிமிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

கதவு திறந்தது. “உள்ள வாங்க,” என்றாள் மிஸ் ராத்போன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்லி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“உங்க மாமா வற்புறுத்தலின் பேர்லதான் இதைச் செய்யறாராம். அதை ஃபைல்ல எழுதச் சொல்லிட்டார், எழுதிட்டேன். வற்புறுத்துறது யாருன்னு கேட்டேன். சட்டம்னார். ‘பதினோரு வருஷமா எனக்குச் சோறு போட்டவளைத் தெருவுல விடற சட்டம், என்னைக் கட்டாயப்படுத்துது. அவ இல்ல’ன்னார். அதையும் எழுதிட்டேன்.”

பெரில் மாமாவைப் பார்த்தாள். மாமா ஜன்னலைப் பார்த்தார்.

“இன்னொண்ணு. பாதி வீடு தனக்கு வேண்டாம்கறார். கவுன்சில்லேர்ந்து உங்க ரெண்டு பேர் பேருக்கும் வர்ற அதே நிமிஷத்துல, அவர் பங்கையும் உங்க பேருக்கே எழுதிடணுமாம். நான் நாலு தரம் எச்சரிக்கை பண்ணேன். அந்தம்மா நெனைச்சா நாளைக்கே உங்களை வெளிய அனுப்பலாம் சார்னேன்.”

“என்ன சொன்னார்?”

“கவுன்சில்கூடத்தான் நாப்பத்துநாலு வருஷமா நெனைச்சா அனுப்பியிருக்கலாம், அதுக்குச் சமைக்கவும் தெரியாதுன்னார்.”

“நான் வாங்க மாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன்?” என்றார் ஹெட்லி, திரும்பாமலே. “நான் எதையும் வாங்கல. வாங்குனவ இவ. நான் குடியிருக்கறவன். பொறந்ததுலேர்ந்தே குடியிருக்கறவன். கிளப்ல எவனாவது கேக்கட்டும், இப்ப சொல்லிக்கறேன். பேனா எங்கம்மா இருக்கு?”

இந்தத் தரம் பேனா எங்கேயும் கிழிக்கவில்லை. பெரிலால்தான் தன் பெயரை ஒழுங்காக எழுத முடியவில்லை. அவள் மூக்கைச் சிந்துவதற்கு மிஸ் ராத்போன் தன் கைக்குட்டையையே கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஹெட்லி ஜன்னலோரம் உட்கார்ந்து, தொப்பியை முட்டிமேல் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு நாய் வளக்கணும்னு ரொம்ப நாளா ஆசை,” என்றார் திடீரென்று. “சின்ன நாய். ஐடாவுக்குப் பிடிக்காது, அப்பறம் கவுன்சில்ல எழுதிக் கேக்கணும், சரின்னு விட்டுட்டேன். இப்ப கேக்கலாமான்னு பாக்கறேன்.”

“கேளுங்களேன் மாமா. நாளைக்கே ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுடறேன்,” என்றாள் பெரில். சொல்லி முடித்த பிறகுதான், மாமா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

“எந்த ஆபீசுக்கு?” என்றார் ஹெட்லி. “நான் வீட்டுக்காரம்மாவைத்தான கேட்டேன்.”

ஐம்பத்தேழு வருடத்தில் யாரும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. ஆல்டர் தெரு நிறுத்தம் வந்தது, போயிற்று. இருவரும் இறங்கவில்லை.

“குலைக்குமா?” என்று கேட்டாள் கடைசியில்.

“குலைக்கத்தான் செய்யும். நாய்தான?”

“அப்ப சரி.”

“வாயால சொன்னா போதாது,” என்றார் ஹெட்லி. “எழுத்துல குடு.”